குடிசைக்கு ஒரு சட்டம், தூணுக்கு ஒரு சட்டம்

சென்னை மாநகரின் நீர்க்கரைகளிலிருந்து ஏழைகள் அகற்றப்படும் ஒவ்வொரு முறையும் அதனை ஒரு நிருவாக நடவடிக்கை என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது; அவ்வழக்கத்தை ஏற்க மறுப்பவர்களின் கூட்டம் இது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியுள்ள கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பின்னர்தான், அகற்றப்படுவோருக்கு அருகிலுள்ள மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வெளிவந்தது. ஓர் உயிர் போன பின் மயிலாப்பூரில் கிடைத்த இடம், அவ்வுயிர் போவதற்கு முந்தைய நாள் எங்கே ஒளிந்திருந்தது? இக்கேள்விக்கு விடை தராத எந்தக் கட்சிக்கும் நகர வளர்ச்சியைப் பற்றி வாய் திறக்கும் தகுதி கிடையாது.

அரசுக்குரிய நிலத்தில் பட்டா இன்றிக் குடியிருப்பது ஆக்கிரமிப்பு எனப்படுகிறது. ஆறு, கால்வாய், ஏரி ஆகியவற்றுக்கு உரியதாக வருவாய்த்துறைப் பதிவேடு குறித்து வைத்திருக்கும் நிலம் நீர்நிலைப் புறம்போக்கு எனப்படுகிறது. நீரோட்டத்துக்குத் தடையாக எதுவும் நிற்கக் கூடாது என்பதே வீடுகளை இடிப்போர் சொல்லும் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றனவே! 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும் நீண்ட அந்தப் பாதைக்காகக் கால்வாயின் படுகையில் கான்கிரீட் இறக்கப்பட்டபோது, அது வளர்ச்சி என்று பெயர் பெற்றது. கரையில் ஓலையும் தகரமும் கொண்டு எழுந்த வீடு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர் பெற்றது. நீருக்குள் நிற்கும் தூண் நீரைத் தடுக்காதாம். நீருக்கு வெளியே நிற்கும் குடிசை தடுக்குமாம். குடிசைக்கு ஒரு சட்டம், தூணுக்கு ஒரு சட்டம்.

இது ஒரு கால்வாயோடு முடிந்த கதையும் அல்ல. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மீது பாலம் கட்டி நீட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நடுவண் அரசின் கடல்சார் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் வளாகம் அமைத்துக்கொண்டன. மாநகரின் குப்பையோ பெருங்குடியில் அதே சதுப்பின் மீது மலையாகக் குவிந்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை செல்லும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். அதன் தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று கூறி 2012இல் அ.தி.மு.க. அரசு பணியை நிறுத்தியது. பின்னர் அதே கட்சியின் ஆட்சியிலேயே அத்திட்டம் மீண்டும் வேண்டப்பட்டதாயிற்று. 2022இல் ஈரடுக்குச் சாலையாக அதற்கு இன்னோர் அடிக்கல்லும் விழுந்தது. இத்தனை ஆண்டு இழுபறியில் ஆட்சிகளின் கருத்து எத்தனையோ முறை புரண்டது. கூவக்கரையில் வாழ்ந்தவர்கள் அகற்றப்பட வேண்டியவர்கள் என்ற ஒன்றில் மட்டும் எந்த ஆட்சிக்கும் ஐயம் எழவே இல்லை.

வளர்ச்சியை விரும்புவோர் வலதுசாரிகள், பழமையைக் காப்போர் பழமைவாதிகள், ஏழைக்காக நிற்போர் இடதுசாரிகள் என்று கொள்கைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவைக்கும் நூல்கள் உண்டு. சென்னையின் வரலாறு அந்தப் பெட்டிகளை உடைத்துவிடுகிறது. 2003இல் ராணி மேரி கல்லூரியை அகற்றிவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்ட அ.தி.மு.க. அரசு முனைந்தபோது, மாணவியர் போராடினர், தி.மு.க. அவர்களுக்குத் துணை நின்றது, அத்திட்டம் கைவிடப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, பழமைக்காகக் கண்ணீர் வடித்த அதே தி.மு.க., அரசினர் தோட்டத்திலிருந்த பழைய கட்டடங்களை அகற்றிவிட்டுத் தானே ஒரு தலைமைச் செயலகத்தை எழுப்பத் தொடங்கி, 2010 மார்ச்சில் அதனைத் திறந்தது. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அங்கே கால்வைக்க மறுத்து, அதனை மருத்துவமனையாக மாற்றியது. ஒரு கட்சி இடிக்க நினைத்ததை மற்றது காத்தது. மற்றது கட்டியதை இது புறக்கணித்தது. இதில் கொள்கை எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. அகப்படுவதெல்லாம் யார் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்படும் என்ற கவலைதான்.

கொள்கை இருந்த காலமும் ஒன்று உண்டு. அதனை மறைப்பது நன்றி மறப்பதாகும். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டி, அங்கு வாழ்ந்தவருக்கே அதனைக் கொடுப்பது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. 1971இல் இயற்றப்பட்ட குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என அரசு முறைப்படி அறிவிக்க வழி செய்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில் வாழ்பவரை நினைத்தபோது தூக்கி எறிய முடியாது. அன்று சென்னையில் 1,202 பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்க்கப்பட்டன. அத்தோடு பட்டியல் நின்றுபோனது. நகரம் பன்மடங்கு பெருகியது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் பெருகவில்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் காவல் இல்லை. காவல் இல்லாததை இடிப்பது எளிது. ஆகவே அறிவிக்காமல் இருப்பதே ஆட்சியின் கொள்கையாகிவிட்டது. 1977இல் உலக வங்கியின் கடனோடு வந்த திட்டம் அடுக்குமாடி செலவு மிக்கது என்று சொல்லி, அரும்பாக்கம் போன்ற இடங்களில் மனையும் குடிநீர் முதலிய வசதிகளும் மட்டும் தந்தது. அதிலும் ஏழைக்கு நகருக்கருகே ஓர் அடி மண்ணாவது கிடைத்தது. 2000ஆம் ஆண்டு முதல் அதுவும் போயிற்று. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று ஏழைகளை நகரின் விளிம்புக்கு ஏற்றி அனுப்புவது தொடங்கியது. அதற்கு மீள்குடியமர்வு என்ற மரியாதைப் பெயரும் சூட்டப்பட்டது.

வெள்ளத்திலிருந்து காப்பதற்காகவே இடமாற்றம் என்பார்கள். அப்படியானால் பள்ளிக்கரணைச் சதுப்பின் வடிகால் பரப்பில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அவர்களை அனுப்பியது எந்தக் கணக்கு? 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அங்கும் தண்ணீர் சூழ்ந்ததை அவையோர் அறிவர். ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டுச் சதுப்பு வெள்ளத்தில் இறக்கிவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா? மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்தவளும், பாரிமுனையில் மூட்டை தூக்கியவனும், பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்றவளும், நகர நடுவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எதைச் சமைப்பார்கள்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பேருந்துக்கு நிற்கும் பெண், கிடைக்கும் கூலியில் பெரும்பங்கைப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவள் பிள்ளையோ கல்வியாண்டின் நடுவே பள்ளியிலிருந்து பிடுங்கப்பட்டவன். இந்தக் கொடுமையைச் செய்துவிட்டு அழகுபடுத்தும் திட்டம் என்று அறிவிப்புப் பலகை வைக்கிறார்களே, அந்தப் பலகையைக் கண்டு கொதிக்காத நெஞ்சும் ஒரு நெஞ்சா!

சிங்கப்பூரைப் போல் ஆக்குவோம் என்பது வளர்ச்சி பேசுவோரின் ஒரே மந்திரம். அவர்கள் அங்கே போய் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்நாட்டில் குடியிருப்போரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அரசு வாரியம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள் என்ற செய்தி மட்டும் அவர்களுடைய பெட்டியில் ஏறுவதில்லை. மரபுக் கட்டட ஆர்வலர்களுக்கோ சிவப்புச் செங்கல்லும் வளைவும் இருந்தால்தான் கண்ணீர் வரும். 2006இல் அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது அவர்கள் நீதிமன்றம் சென்று தடுத்தது பாராட்டத்தக்கது. 2012இல் மரபுச் சின்னங்களுக்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் வெள்ளைக்காரன் கட்டிய மண்டபத்துக்கு வரலாறு உண்டு, மூன்று தலைமுறையாக மீனவர் வாழ்ந்த குப்பத்துக்கு வரலாறு இல்லை என்று எந்த ஆசான் இவர்களுக்குக் கற்பித்தார்?

கட்டடத்தையும் மக்களையும் ஒருசேரக் காத்தவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1971இல், கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராயிருந்த ஜாக் மண்டே என்ற பொதுவுடைமையாளர், சமூகத்துக்குத் தீங்கு தரும் திட்டங்களில் தம் சங்கத்தார் வேலை செய்யமாட்டார்கள் என்று அறிவித்தார்; பசுமைத் தடை என்று பெயர் பெற்ற அந்த மறுப்பு, துறைமுகத்தை ஒட்டிய ராக்ஸ் என்ற பழைய குடியிருப்பையும் அதில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களையும் புல்டோசரிலிருந்து காத்தது. தன் கூலியை இழந்து ஊரின் வீட்டைக் காத்த தொழிலாளி எங்கே, தன் கொடியைக் காக்க ஊரின் வீட்டை இழக்கத் துணியும் தலைவர் எங்கே! அந்தச் சங்கத்தை உடைத்தவரும் பொதுவுடைமை பேசியவர்தான்: அச்சங்கம் ஒரு கிளையாயிருந்த கூட்டமைப்பின் செயலாளராயிருந்த நார்ம் கேலகர், மாவோ வழியினர், 1975இல் அக்கிளையைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து மண்டேயை வெளியேற்றினார். ஒரே செங்கொடி, இரண்டு நெஞ்சங்கள். இத்தாலியின் பொலோனியாவிலோ, பொதுவுடைமைக் கட்சியின் நகராட்சி 1973இல், புதிய குடியிருப்புக்கென இருந்த பொதுப்பணத்தைப் பழைய நகரின் வீடுகளைச் செப்பனிடச் செலவிட்டு, அங்கு வாழ்ந்த எளியவர்களை அங்கேயே இருத்த முயன்றது.

தமிழ்நாட்டில் சிலைக்குக் கிடைக்கும் காவல்கூட மனிதருக்குக் கிடைப்பதில்லை. 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது நாடே கொந்தளித்தது. கவிஞர்கள் சினந்தனர், தலைவர்கள் முழங்கினர், 2006 ஜூனில் சிலை மீண்டும் தன் பீடத்தில் ஏறியது. கொந்தளித்தது முறையே. அதே ஆண்டுகளில் கண்ணகியின் பெயரைத் தாங்கிய நகருக்கு லாரி லாரியாக மனிதர்கள் கொண்டுசெல்லப்பட்டார்களே, அவர்களுக்காக எந்த மேடை முழங்கியது? தீர விசாரியாமல் தீர்ப்பளித்த மன்னனை அரசவையிலேயே நின்று கேள்வி கேட்டவள் அவள். அவள் பெயரை, விசாரியாமல் வெளியேற்றப்பட்டவர்களின் ஊருக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை மாறியது போதாது. 1985இல் நின்றுபோன பட்டியல் மீண்டும் திறக்கப்பட வேண்டும். நீர்க்கரையில் வாழும் ஒவ்வொரு குடியிருப்பும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆராயப்பட்டு அறிவிக்கப்பட வேண்டும். பக்கிங்காம் கால்வாயிலும் கூவத்திலும் அடையாற்றிலும் நீரைத் தடுத்து நிற்பவை எவை என்பதைக் குடிசை, தூண், பாலம், வளாகம் என்ற வேறுபாடு பாராமல் ஒரே அளவுகோலால் அளந்து அரசு வெளியிட வேண்டும். அந்த அளவீடு வெளிவரும் நாள்வரை அக்கரைகளில் ஒரு வீட்டின் மீதும் இயந்திரத்தின் கை படக் கூடாது. அதனை மீறி இடிக்க வருவோர், முதலில் கால்வாய்க்குள் இறங்கித் தூண்களிலிருந்து தொடங்கட்டும்.