வழித்துணை



பாண்டவருள் மூத்தவரான தருமர் தம் இறுதிப் பயணத்தைத் தொடங்கியபோது நாய் ஒன்று அவரைப் பின்தொடர்ந்தது. மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் வரும் செய்தி இது. வழியில் திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். நாய் மட்டும் கடைசிவரை உடன் சென்றது. இந்திரன் தேரைக் கொணர்ந்து, நாயை விட்டுவிட்டு ஏறுமாறு பணித்தான். தருமர் மறுத்தார். தம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டா என்பது அவர் துணிபு.

இக்கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியவன் நான். ஆயினும், அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் ஒரு ரயில்வே கார்டு.

1988-ஆம் ஆண்டு மே மாதம். மதுரையிலிருந்து விழுப்புரத்திற்குக் குடிபெயர்ந்தோம். எங்கள் நாய் மணியும் உடன் வந்தது. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் எடுத்தால் நாயை அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆசிரியன் சம்பளத்துக்கு அது எட்டாது. ஆகவே கட்டணம் செலுத்தி, கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென அமைந்த கூண்டில் ஏற்றினேன். ரசீதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினேன். கடமை முடிந்தது என்று கருதினேன். திண்டுக்கல்லில் நான் இறங்கவில்லை. திருச்சியில் காபி அருந்த இறங்கியபோதுதான் மணியின் நினைவு வந்தது. ஓடினேன்.

மணி நாக்கைத் தொங்கவிட்டு, எழமாட்டாமல் கிடந்தது. கார்டு தம் கூஜாவிலிருந்து ஒரு தட்டில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். "சார், நாய்க்குச் சீட்டு வாங்கினீர்கள், தண்ணீரை மறந்துவிட்டீர்களே!" என்றார். நான் தலைகுனிந்தேன். மணியோ, என்னைக் கண்டதும் படுத்தபடியே வாலை ஆட்டியது. கார்டின் சொல்லைவிட அதுவே என்னை அதிகம் சுட்டது.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது நாவின் ஈரம் ஆவியாகிறது. பெரும்பாலும் அதனாலேயே உடற்சூடு தணிகிறது. காற்றும் நீரும் குறைந்தால் அவ்வழி அடைபடும். வெயிலில் நிறுத்திய காரில் நாயை அடைத்துச் செல்வது அதன் உயிருக்கே உலையாவதும் இதனால்தான்.

இன்னொரு பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். மாஸ்கோ தெருக்களில் திரிந்த லைக்கா என்னும் நாயை, சோவியத் நாட்டினர் 1957 நவம்பர் 3-ஆம் நாள் ஸ்புட்னிக்-2 என்ற விண்கலத்தில் அனுப்பினர். அதனைத் திரும்பக் கொணர ஏற்பாடே இல்லை. லைக்கா பல நாள் உயிரோடிருந்தது என்று உலகம் நம்பியது. வெப்பம் மிகுந்து சில மணி நேரத்திலேயே இறந்தது என்ற உண்மை 2002-ல்தான் வெளியாயிற்று. அப்பணியில் ஈடுபட்ட அறிவியலாளர் ஒலெக் கசென்கோ, அச்செயலுக்காக 1998-ல் மனம் வருந்தினார்.

எங்கே போகிறோம், எப்போது இறங்குவோம் என்பதை நாம் அறிவோம், நாய் அறியாது. அது அறிந்தது நம்மை மட்டுமே. ஆதலால், வளர்ப்பு நாயுடன் புறப்படுவோர் வயிறு நிறைய உணவூட்டி ஏற்றாதீர்கள். தண்ணீரும் கிண்ணமும் கொண்டு செல்லுங்கள். தடுப்பூசிச் சான்றை மறவாதீர்கள். வண்டி நிற்குமிடமெல்லாம் சென்று பாருங்கள்.

தருமரிடம் தேரைக் காட்டிச் சோதித்தான் இந்திரன். நமக்கு அத்தகைய பெருஞ்சோதனை வாராது. ஒரு குவளைத் தண்ணீரே நம் சோதனை. அதில் நான் ஒருமுறை தோற்றேன். நீங்கள் தோற்க வேண்டா.