மேட்டடி மண்



மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் உங்களுக்குச் சயனைடு மேட்டை நான் விளக்க வேண்டியதில்லை. அதில் சறுக்கி விளையாடி வளர்ந்தவர்கள் நாம். காற்றடிக்கும் மாதத்தில் அம்மா சோற்றுப் பானையை இரட்டைத் துணி போட்டு மூடுவாள். அப்படியும் முதல் கவளத்திலேயே பல்லில் மண் நறநறக்கும்.

நம் கோலார் தங்கச் சுரங்கத்தில் வெட்டிய பாறையை மாவாக அரைத்தார்கள். ஒரு டன்னுக்குக் கிராம் கணக்கில்தான் தங்கம். அதைச் சயனைடு கரைசலில் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை ஊர் நடுவே கொட்டினார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் போனது. நம்மிடம் நின்றது 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்.

சயனைடு என்ற பெயருக்குத்தான் பயப்படுகிறோம். அது வெயிலில் பெரும்பாலும் மெல்லச் சிதைந்துவிடும். ஆர்செனிக்கும் ஈயமும் சிதையாது. நம் பாறையில் தங்கத்தோடு ஆர்செனிக் கலந்த கனிமமும் உண்டு. ஆழத்தில் இறுகிக் கிடந்ததை மாவாக்கி வெளியே குவித்தால் காற்றும் மழையும் சும்மா இருக்குமா? அந்த நஞ்சு மேட்டடி வயலுக்குப் போகும். அங்கிருந்து கீரைக்குப் போகும். மாட்டைப் பாருங்கள். கோடையில் புல் கட்டையாகிவிட்டால் அது புல்லை மட்டுமா மேய்கிறது? வேரடி மண்ணையும் சேர்த்து விழுங்குகிறது. அந்த மாட்டின் பாலைத்தான் குழந்தைக்குக் காய்ச்சுகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. நம் சுரங்கம் மூடிய அதே மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணிச் செடி, மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கிறது. பழைய சுவர் இடுக்கிலும் முளைக்கும் செடிதான். அறுத்த இலையும் நஞ்சு, அதைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். பல ஆண்டு பிடிக்கும் வேலை. ஆனால் எந்த நிலத்தில் நடுவது? அளந்தால்தானே தெரியும்!

2024இல் இந்த மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை இசைந்தது. வேலை வரட்டும். விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் மேட்டிலுள்ள தங்கத்தைக் கிராமில் சொல்கிறவர்கள், கீழே மேய்ச்சல் நிலத்திலும் கீரைப் பாத்தியிலும் இருக்கும் ஆர்செனிக்கையும் ஈயத்தையும் அதே துல்லியத்தில் சொல்லட்டும். முதல் ஜேசிபி மேட்டைத் தொடுமுன் அந்தக் கணக்கு தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள்.