எங்கே எழுவேன்?

(அம்பத்தூர் பகுதி குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து பள்ளி திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்பில் 'வெள்ளமும் நானும்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். தாழ்வான தெருவில் குடியிருக்கும் ஒரு மாணவன், 'மைன்கிராஃப்ட்' விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தான். பாதியிலேயே நிறுத்தி, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மனம் கேட்காமல் மறுநாள் நோட்டை வாங்கி முழுவதும் படித்தேன்.

அந்த விளையாட்டில் இறந்தவன், கடைசியாகத் தூங்கிய கட்டிலருகே மீண்டும் எழுவான். கையிலிருந்த பொருள்கள் இறந்த இடத்தில் சிதறிக் கிடக்கும். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். கட்டிலே இல்லையென்றால், ஆட்டம் தொடங்கிய இடத்துக்கே போய்விடுவான். இதையெல்லாம் விளக்கிவிட்டு அவன் இப்படி முடித்திருந்தான்: "எங்கள் வீட்டுக் கட்டில் வெள்ளத்தில் போய்விட்டது. நான் எங்கே எழுவேன்?"

உடலும் உடைமையும் ஊரும் போனபின் 'நான்' என்பது எது? இன்றைய இலக்கியக் கோட்பாடு 'பின்மனிதம்' என்ற பெயரில் இதைத்தான் கேட்கிறது. மனிதன் தனித்து நிற்பவன் அல்லன். கருவி, விலங்கு, நீர், நிலம் ஆகியவற்றோடு சேர்ந்தே அவன் மனிதனாகிறான் என்கிறது. டோனா ஹாராவே 1985-இல் மனிதனும் இயந்திரமும் கலந்த 'சைபோர்க்' பற்றி எழுதினார். 1980-களில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில், சுயமாகச் சிந்திப்பது ஜீனோ என்ற இயந்திர நாய்.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் இறந்து, சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். மணிபல்லவத்தில் தன் பழைய உடலின் எலும்புகளைத் தானே காண்கிறான். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியும் அங்கேதான் வருகிறது. கலங்கி நிற்கும் அவனுக்கு மணிமேகலை சொல்லும் அறம் என்ன? உயிர்களுக்குச் சோறும் துணியும் தங்க இடமும் தருவது. பேரிடருக்குப் பின் 'நான் யார்' என்ற கேள்விக்கு, 'யாருக்கு என்ன தருகிறாய்' என்று காப்பியம் பதில் சொல்கிறது.

சிவப்பு மைக் குறிப்பை அடித்துவிட்டு, அவன் அனுமதியோடு கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் செய்தேன். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "மூணு நாள் எங்க மொட்டை மாடியிலதானே படுத்திருந்தே? அங்கதான் எழுவே."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். நான் விளக்க நினைத்த அறத்தை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செல்பேசி விளையாட்டைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால், கடைசி வரி வரை படியுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் அதன்பிறகு கண்டிக்கலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் பெயரைக் கேட்டாலே 2015 நினைவுக்கு வரும் வட்டாரம் நம்முடையது. நம் பிள்ளைகள் இழப்பை நேராகச் சொல்வதில்லை. தமக்குத் தெரிந்த கதையில் வைத்துத்தான் சொல்கிறார்கள்.