ஒற்றைக் கண் அரசு

(வைகை அணையருகே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வைகை அணையின் அருகிலே நின்றுகொண்டு, வைகையைப் பற்றிப் பேசாமல் வெள்ளைக்காரன் வேவு பார்த்த கதையைப் பேசுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். இலண்டன் எங்கே, ஆண்டிபட்டி எங்கே! பெர்லின் எங்கே, பெரியகுளம் எங்கே! ஆனால் இரண்டு உலகப் போர்களின்போது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் விரித்த உளவு வலையின் ஒரு முனை பெர்லினிலே இருந்தது என்றால், மறுமுனை நம் பக்கத்து ஊர் உழவனின் கட்டைவிரலிலே முடிச்சிடப்பட்டிருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டவே இன்று பேசுகிறேன்.

ஒற்று தீது என்று நான் கூறவில்லை. வள்ளுவரே கூறாததை நான் எப்படிக் கூறுவேன்? பொருட்பாலிலே, 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல். அதன் தொடக்கத்திலேயே ஒற்றையும் நீதிநூலையும் அரசனுக்குரிய இரண்டு கண்களாக வைக்கிறார். ஒரு கண் அன்று தோழர்களே, இரண்டு கண்! அதற்கு முந்திய அதிகாரம் எது? கண்ணோட்டம். அதற்கும் முந்தியது? வெருவந்த செய்யாமை. குடிகளை அச்சுறுத்தாதே, குடிகளிடம் இரக்கம் கொள், அதன் பிறகு ஒற்றனை ஏவு! இதுதான் வரிசை. இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு வெள்ளை வல்லரசை அளந்து பார்ப்போம்.

1914 செப்டம்பர் 22. இரவு நேரம். சென்னைத் துறைமுகம். வங்கக் கடலிலே பல நாட்களாகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல். பொய்யாக ஒரு புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல வேடமிட்டுத் திரிவதிலே வல்லவர் அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். ஏழு கடலையும் ஆள்கிறோம் என்று மார்தட்டியவர்களுக்கோ, அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கரையிலே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 130 குண்டுகள் பறந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டியது. கப்பல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது! இன்றும் எவனாவது எமகாதகனாக இருந்தால், "அவன் பெரிய எம்டனாயிற்றே" என்கிறோம். ஆதிக்கத்தின் அறியாமைக்குத் தமிழ்நாட்டு மக்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் அந்தச் சொல்!

அந்தக் கப்பலிலே செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு வலுவான சான்று கிடைத்ததில்லை. கதை வேண்டாம், வரலாறே போதும். திருவனந்தபுரத்திலே பிறந்த அந்த இளைஞர், 1914-இல் சூரிச் நகரிலே இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்தார், பெர்லின் சென்றார், அங்கே இந்தியப் புரட்சியாளர் குழுவிலே சேர்ந்து உழைத்தார். அவரைப் போன்றவர்களைக் கண்காணிக்க இலண்டனிலே இந்திய அரசியல் உளவுத் துறை ஒன்று, போர் தொடங்குவதற்கு முன்பே, 1909-இலேயே உருவாகியிருந்தது. ஜெர்மனி என்ற பகை பிறக்குமுன்பே, இந்தியன் என்ற பகையை ஏட்டிலே எழுதிவிட்டார்கள்!

எம்டனைக் கண்டுபிடிக்கத் தவறியவர்கள் விரைவிலே பாடம் கற்றார்கள். 1914 ஆகஸ்டிலே பின்லாந்து வளைகுடாவில் தரைதட்டிய 'மக்டபர்க்' கப்பலிலிருந்து ஜெர்மானியரின் சங்கேதப் புத்தகத்தை ரஷ்யர்கள் கைப்பற்றி, இங்கிலாந்துக்கும் ஒரு படி தந்தார்கள். கடற்படைத் தலைமையகத்திலே 'அறை எண் 40' என்று ஓர் அறை. அதிலே இரவு பகலாகப் புதிர் அவிழ்க்கும் புலவர்கள். 1917 ஜனவரியிலே ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் ஒரு தந்தி அனுப்பினார். அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ நம் பக்கம் சேரட்டும். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்றும் அதற்குக் கிடைக்க உதவுவோம் என்பது செய்தி. அந்தத் தந்தி சென்ற வழி, அமெரிக்கத் தூதரகக் கம்பி! அதையே ஒட்டுக் கேட்டுப் படித்தார்கள். நண்பனிடம், "உன் கம்பியைத் திருட்டுத்தனமாகக் கேட்டேன்" என்று சொல்ல முடியுமா? ஆகவே மெக்சிகோவிலே இன்னொரு படியைத் தேடிப் பெற்று, அதைக் காட்டினார்கள். மார்ச் 1-ஆம் நாள் செய்தி ஏடுகளிலே வெடித்தது. ஏப்ரல் 6-இல் அமெரிக்கா போரிலே குதித்தது. நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு திருப்பத்தை எழுதினால் நம்பமாட்டீர்கள்.

திறமை! ஆம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளிலே, இதோ இந்த மண்ணிலே நடந்ததைப் பாருங்கள்.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், போர் நடந்த ஆண்டுகளிலே மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது பாய்ந்தது. நம் பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். குற்றம் செய்தவன் என்பதற்காக அன்று, அந்தக் குடியிலே பிறந்தவன் என்பதற்காக விரலை நீட்ட வேண்டும்! பெயரைப் பதிய வேண்டும்! இரவிலே காவல் நிலையத்தின் கண் முன்னே கிடக்க வேண்டும்! கைரேகையைப் பகுத்து வைக்கும் கலை எங்கே முதிர்ந்தது தெரியுமா? கல்கத்தாவிலே. 1897-இலே அங்கே கைரேகைக் கூடம் அமைந்தது. அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் உழைப்பும் அதிலே உண்டு. பெயரோ எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரிக்குப் போயிற்று. 1901-இலே அந்த முறை இலண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குக் கப்பலேறியது. நம் விரலிலே பழகிவிட்டு, உலகுக்கு விற்றார்கள்!

"ரேகை வைக்கமாட்டோம்" என்று நிமிர்ந்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. துப்பாக்கி பேசியது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் மாயாக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பெர்லின் அமைச்சரின் தந்தியைப் படிக்கத் தெரிந்த அரசுக்கு, பெருங்காமநல்லூர் மக்களின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அதே அரசுதான் 1895-இலே பெரியாற்று நீரை இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது. அதற்காகப் பென்னிகுக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி நன்றி காட்டுகிறார்கள் நம் மக்கள். நன்மை செய்தவனை மறவாத மக்களையா பிறவிக் குற்றவாளி என்றாய், ஏகாதிபத்தியமே?

திரை மாறுகிறது. இரண்டாம் உலகப் போர். 1941 ஜனவரியிலே சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து மறைந்து காபூல் சேர்ந்தார். காபூலிலிருந்த இத்தாலியத் தூதரகத்தின் தந்திகளை பிரிட்டன் படித்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் 7-ஆம் நாள், துருக்கியிலும் எகிப்திலும் இருந்த தன் இரகசியப் படையினருக்கு ஓர் ஆணை போயிற்று: ஜெர்மனி சேருமுன் வழியிலேயே போஸைக் கொன்றுவிடுக! வழக்கு இல்லை, வாதம் இல்லை, தீர்ப்பு மட்டும்! அவர் மாஸ்கோ வழியாகப் போனார், தப்பினார். இந்த ஆணை வெளியுலகுக்குத் தெரிந்தது 2005-இலே, ஓர் அயர்லாந்துப் பேராசிரியர் ஆவணங்களைப் புரட்டிய பிறகு. அறுபத்து நான்கு ஆண்டுகள் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது ஒரு கொலை ஆணை!

1942. சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்துவிட்ட சங்கேதப் பிரிவு, ஜப்பானியக் கடற்படை தாக்க வரப்போகிறது என்று முன்னதாகவே கூறியது. நாள் மட்டும் தவறியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அதிர்ந்தன. அடுத்த சில நாட்களிலே, பகைக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று ஒரு தகவல். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. விலங்குக் காட்சிச்சாலையிலே கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மக்கள் கையிலே கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வந்ததா கப்பற்படை? வரவில்லை! ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொருவனைக் கொண்டு சரிபார் என்று அதே ஒற்றாடலிலே வள்ளுவர் கூறியதை யார் படித்தார்கள்? 1914-இலே தெரியாமல் விளக்கு எரித்தார்கள்; 1942-இலே தவறாகத் தெரிந்துகொண்டு நகரை அணைத்தார்கள்!

அந்த ஆண்டு செப்டம்பரிலே பினாங்கிலே பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் சிலர், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலிலே வந்து மலபார்க் கரையிலே தானூரில் இறங்கினர். பிடிபட்டனர். 1943 செப்டம்பர் 10. சென்னைச் சிறையிலே வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு வயது 26. பகை ஒற்றர் என்பது குற்றச்சாட்டு. ஜப்பானிய இராணுவம் அறத்தின் வடிவம் என்று யாரும் கருதவேண்டாம். சயாம் மரண ரயில் பாதையிலே மலேயாத் தமிழரின் எலும்புகள் சாட்சி சொல்லும். ஒற்றனுக்குப் போர்க்காலத்தில் தூக்கு என்பதும் உலக வழக்கமே. ஆயினும் கேட்கிறேன்: தான் பிறந்த மண்ணிலே வந்து இறங்கியவன் யாருக்குப் பகை? இந்த மண்ணுக்கா, இந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தவனுக்கா?

போர் முடிந்தது. சிறைப்பட்ட இந்திய தேசிய இராணுவத்தினரை உளவு அதிகாரிகள் விசாரித்து மூன்று நிறமாகப் பிரித்தார்கள்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. எவனுடைய மனம் வெள்ளையனுக்குத் தூரமோ அவன் கறுப்பு! முதற்போரிலே விரலுக்கு ரேகை. இரண்டாம் போரிலே உள்ளத்துக்கு நிறம்! ஒரு கண்ணை அகலத் திறந்து, மறு கண்ணை இறுக மூடிய அரசின் கதை இது. அந்தத் திறந்த கண் எத்தனையோ கண்டது. குடிமகனை மட்டும் மனிதனாகக் காணவில்லை. அதனாலேயே, போரிலே வென்ற பேரரசு இரண்டே ஆண்டுகளில் இந்த நாட்டை விட்டுப் போயிற்று.

போனவன் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? அவன் போனான், 1923-இலே அவன் எழுதிய அரசாங்க இரகசியச் சட்டம் இன்னமும் நம் சட்டப் புத்தகத்திலே இருக்கிறது. 2005-இலே நாம் பெற்ற தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 24-ஆவது பிரிவிலே, உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் என்ற இரண்டு செய்திகளுக்கு மட்டும் சிறு கதவு திறந்திருக்கிறது. எல்லையைக் காக்க ஒற்று வேண்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்தச் சிறு கதவை யாரும் சாத்திவிடாமல் காக்கவேண்டியவர்கள் நாம்.

இதோ, 1959-இலே திறக்கப்பட்ட இந்த அணையைப் பாருங்கள். கொள்ளளவு 71 அடி. நீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. ஆற்றோரத்திலே குடிசை போட்டிருக்கும் ஏழைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்கிறது. அணைக்குத் தெரிந்தது ஐந்து மாவட்டத்துக்கும் தெரிகிறது. தேக்கிய நீரையும் தருகிறது, தேக்கிய அறிவையும் தருகிறது.

நீரை அளப்பவன் நமக்குக் கணக்குச் சொல்கிறான். நம்மையே அளப்பவன் கணக்குச் சொல்ல வேண்டாமா? கேளுங்கள் தோழர்களே! கேட்பது உங்கள் உரிமை. பெருங்காமநல்லூரிலே பதினாறு உயிர் கொடுத்துக் கேட்ட கேள்வி அது.