பிழைப்பில் பங்காளிகள்

தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தாள் மட்டும் நிற்கும் வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே உடம்பாக நகர்கின்றன. பின்னால் ஒற்றை ஆள். கையில் நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில் ஒரு துணிக்கிழிசல். கழியால் அவர் எந்த வாத்தையும் தொடுவதில்லை. வலப்பக்கம் நீட்டினால் கூட்டம் இடப்பக்கம் சாய்கிறது. தாழ்த்திப் பிடித்தால் நடை தளர்கிறது. இடையிடையே நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம். பிந்திய வாத்துகள் ஓடிவந்து சேர்ந்துகொள்கின்றன.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் வரவு உண்டு. வாத்துக்கு உதிர்ந்த நெல்லும் நத்தையும் புழுவும். வயல்காரருக்கு நத்தை ஒழிகிறது, எச்சம் உரமாகிறது. மேய்ப்பவருக்குத் தீவனச் செலவில்லாத முட்டை. அவர் வாத்தை எவ்வளவு படித்துவைத்திருக்கிறார் என்பது இந்த முட்டை விஷயத்தில்தான் தெரியும். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில், ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். பசியெடுத்த கூட்டம் விடிந்ததுமே வலையை முட்டிக்கொண்டு கத்தும், அவர் அசையமாட்டார். முன்னதாகத் திறந்துவிட்டால் அன்றைய முட்டை வாய்க்காலிலும் சேற்றிலும் போய்விடும். அந்தக் கத்தல் பசியால் வருவது, இரவில் நாய் பட்டியைச் சுற்றும்போது எழுவது வேறு. தூக்கத்திலும் இரண்டையும் பிரித்தறியும் காது அவருக்கு உண்டு.

மனிதரும் விலங்கும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும் நாயிலிருந்து தொடங்குவது இன்றைய வழக்கம். இந்த உரை வாத்துப் பட்டியிலிருந்து தொடங்குகிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தால், பிழைப்பில் பங்கு இருந்த இடங்களில்தான் இந்தப் பேச்சு தழைத்திருக்கிறது. பாசம் பின்னாலேயே வந்திருக்கிறது. சில இடங்களில் வரவுமில்லை.

வாத்து முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கவிடுவது கிராமத்துப் பழைய பழக்கம். கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவரும்; வாத்துக்குஞ்சுக்கு 28 நாள். கூடுதலாக ஒரு வாரம் உட்காரும் கோழி, பொரிந்தவை தன் பிள்ளைகள்தான் என்று நம்பிக் குளக்கரை வரை கூட்டிப்போகும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதும் கரையில் நின்று அது படும் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளைகள் இல்லை. குஞ்சுகளுக்கோ குழப்பமே கிடையாது. கண் திறந்ததும் முதலில் நடமாடியது எதுவோ அதுவே தாய். ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் காட்டு வாத்துக் குஞ்சுகளைத் தன் பின்னாலேயே நடக்கவைத்து இதை விளக்கினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

கோடையில் ஆட்டுக்கிடை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து மந்தைகள் காவிரிப் பாசன வயல்களை நோக்கி நடந்து வரும். இத்தனை ஆடு, இத்தனை ராத்திரி, இவ்வளவு பணம் என்று வயல்காரரோடு பேச்சு. ஆடு படுத்தெழுந்த நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து உரமாகும். பகல் முழுக்கக் குட்டிகள் கிடையில் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். சாயங்காலம் மந்தை திரும்பும்போது கூட்டைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அத்தனை கத்தலிலும் தாய் தன் குட்டியின் குரலைப் பிடித்து, பக்கத்தில் வந்ததும் மோந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மடியைக் கொடுக்கும். வேற்றுக் குட்டி வாய்வைத்தால் ஓர் உதை. எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்பது கிடைக்காரருக்கும் தெரியும். தாய் தவறவிட்டதை அவரே தூக்கிப்போய்ச் சேர்ப்பார்.

ஆட்டுக்கு மறதி அதிகம் என்று நினைப்பவர்கள் கேம்பிரிட்ஜ் ஆய்வுகளைக் கவனிக்க வேண்டும். கீத் கெண்ட்ரிக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செம்மறியாடுகள் ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டாண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. 2017இல் அதே ஊரில் பயிற்சி பெற்ற ஆடுகள், அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமாவின் முகத்தை நிழற்படத்தில் அடையாளம் கண்டன. கிடைக்காரர் முகத்தை அவை அறிந்திருப்பதில் என்ன வியப்பு!

சிதம்பரத்துக்கு இந்தச் செய்தி புதிதில்லை. தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் சேக்கிழார் அரங்கேற்றிய பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் வருகிறார். மாடு மேய்க்கிறவர்; புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் குழல் கேட்டுப் பசுக்கள் அசைபோடுவதை நிறுத்தின, கன்றுகள் பால் குடிப்பதை மறந்து நின்றன என்கிறது புராணம். பாம்பும் மயிலும் பகை மறந்து கூடின என்றும் சொல்கிறது. இரண்டாவதைக் கவிதை என்று எடுத்துக்கொள்ளலாம். முதலாவதை எந்த மாட்டுக்காரரும் மறுக்கமாட்டார். பழகிய குரலுக்கு மாடு தலை நிமிர்ந்து காது திருப்புவது அன்றாடம் நடப்பது.

மாட்டோடு பேச்சு என்றால் அதில் ஏமாற்றும் அடக்கம். பழகியவர் மடியைக் கழுவித் தடவும்போதும் கன்று முட்டும்போதும் பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது; ஓரிரு நிமிடத்தில் பால் இறங்குகிறது. புது ஆள் வந்தாலோ மாடு மிரண்டாலோ அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று கறப்பவர் சொல்வது இதைத்தான். கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்துவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பாலை விடும். கறப்பவரின் தேவை அதில் இருந்தது, தாய்க்குச் சிறிது ஆறுதலும் இருந்தது. பிறகு வந்த ஊசிமருந்துக் குறுக்குவழியில் அந்த ஆறுதலும் இல்லாமல் போயிற்று.

ஏர்மாட்டின் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நுகத்தில் இடத்தை மாடு, வலத்தை மாடு என்று பக்கம் பழகிய ஜோடிகள். தலைக்கயிறு லேசாக அசைந்தாலே திரும்பத் தெரிந்தவை. வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் வீடு சேர்க்கத் தெரிந்தவை. விலங்கு நம் உடம்பை எவ்வளவு நுட்பமாக வாசிக்கும் என்பதற்கு ஜெர்மனியின் ஹான்ஸ் என்ற குதிரை சாட்சி. குளம்பைத் தட்டிக் கூட்டல் கழித்தல் போடுவதாகப் புகழ்பெற்ற அதை ஆஸ்கார் ஃபங்ஸ்ட் சோதித்தார். கேள்வி கேட்டவரின் தலையசைவைப் பார்த்தே அது குளம்படியை நிறுத்தியது என்று 1907இல் தெரியவந்தது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று பலர் ஏமாற்றமடைந்தார்கள். ஆனால் மனிதர் தாமே அறியாத தம் அசைவை ஒரு குதிரை அறிந்தது அதைவிடப் பெரிய திறமை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் நம் ஊரில் அந்த வாசிப்புக்கு வேலையில்லை. இன்றைய இளைஞர் பலருக்கு உழவுமாட்டை அதட்டும் சொற்களே தெரியாது.

பங்கு நிற்கும்வரைதான் பேச்சும் நிற்கும் என்பதை ஆப்பிரிக்காவின் தேன்காட்டிப் பறவை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் ‘ப்ர்ர்ர்… ஹ்ம்’ என்று குரல் கொடுத்தால், இந்தக் காட்டுப் பறவை மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டைக் காட்டிக்கொடுக்கும். மனிதர் புகைபோட்டுத் தேனை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய மெழுகு பறவைக்கு. கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேறு சத்தங்களுக்குப் பறவை வழிகாட்டிய வாய்ப்பு 33 விழுக்காடு. இந்தக் குரலுக்கு 66. யாரும் அதைக் கூண்டில் அடைத்துப் பழக்கவில்லை. கடைச் சர்க்கரை வந்து தேன் தேடுவோர் குறைந்த இடங்களில், இந்தக் கூட்டுறவும் தேய்ந்து வருகிறது.

நாய் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. புதுச்சேரிக்கு வடக்கே சின்னக்காலாப்பட்டில், குடிசைக்குள் ஓடி ஒளிந்த ஏழு வயதுச் சிறுவனை வீட்டு நாய் சட்டையைக் கவ்வியும் முட்டியும் மேட்டுக்குத் தள்ளிப்போய்க் காப்பாற்றியதாகப் பத்திரிகைகள் எழுதின. நாயின் பெயர் செல்வகுமார். தெரிந்த பிள்ளையைத் தெரிந்த நாய் இழுத்துப்போனது நம்பக்கூடியதே. அதையொட்டி விலங்குகளுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று கிளம்பிய பேச்சுதான் நிலைக்கவில்லை. இலங்கையின் யால காட்டுப் பகுதியில் செயற்கைக்கோள் பட்டை கட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்களுக்கு, அலைக்கு முன் அவை மிரண்டு ஓடியதற்கான தடயம் கிடைக்கவில்லை.

தெருநாய்க்கு நம் கை மொழி தெரியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ரா குழுவினர், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களுக்கு முன் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றை விரலால் சுட்டினார்கள். கிட்டே வரத் துணிந்த நாய்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுட்டிய கிண்ணத்துக்கே போயின. நாய் சொல்வதைத்தான் நாம் படிக்கக் கற்கவில்லை. வாலை இடுக்கி, உதட்டைச் சுருட்டி, உடம்பை இறுக்கி நிற்பது ‘தள்ளிப் போ’ என்று சொல்வதாகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சொல்லித்தரப்படுவதில்லை. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தரலாம்.

பாசத்துக்கே இடமில்லாத உதவியும் உண்டு. நடவு வயலில் நல்ல பாம்பு கடித்த ஒருவர் அரசு மருத்துவமனையில் பிழைத்து எழுகிறார் என்றால், அவர் உடம்பில் ஏறிய மருந்துக்குள் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் மண்ணில் விழுந்த கோட்டையும் எச்சத்தையும் உரிந்த சட்டையையும் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கிறார்கள். பானையில் சில வாரம் வைத்து நஞ்சை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் மருந்து. பாம்பின் நஞ்சு, இருளரின் கண், குதிரையின் இரத்தம் மூன்றும் சேர்ந்து ஓர் உழவர் பிழைக்கிறார். இதில் பாம்பிடமோ குதிரையிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் உண்மை. மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு தேட அழைக்கப்பட்டதும் இந்த இருவரைத்தான். கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் விரல்களுக்குள் இருப்பதும் இதே வகை அறிவு.

இதுவரை சொன்னதெல்லாம் கொடுக்கல் வாங்கல். கடலூர் மாவட்டம் இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பிற உயிரின் துன்பத்தைக் கண்டதும் கேட்டதும் உருகும் உருக்கத்தையே அவர் சீவகாருணியம் என்றார். அந்த உயிர் நமக்குப் பால் தருமா, பதில் குரல் தருமா என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. தெருவில் கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்துக்கு வள்ளலார் பெயரை வைத்தது பொருத்தமே.

இந்த இரண்டு கணக்கும் நேருக்கு நேர் மோதும் இடம் கடற்கரை. தேவனாம்பட்டினத்திலிருந்து சாமியார்பேட்டை, கிள்ளை வரையிலான மணலில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மண்ணை மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. வனத்துறையினரும் தன்னார்வலர்களும் நாய், நரிக்கு முந்திக்கொண்டு முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். கடலின் வெளிச்சத்தை நோக்கி நடக்க வேண்டியவை சாலை விளக்கைக் கடல் என்று எண்ணித் திரும்பிவிடும். இவற்றோடு யாருக்கும் பேச்சில்லை, பழக்கமில்லை; விட்ட கையை அவை ஒருநாளும் அறியப்போவதில்லை. வடலூர் சொன்ன கருணை, பதில் எதிர்பாராமல் இங்கே நடக்கிறது.

ஆனால் ஆமை சாவது கடலில். நுரையீரலால் மூச்சுவிடும் அது இழுவலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய உடல்களை எல்லோரும் பார்த்தோம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்கும் திறப்பைப் பொருத்தினால் இறாலும் மீனும் அதன் வழியே போய்விடும் என்பது படகுக்காரர்களின் மனக்குறை. சிறுபடகுக்காரரின் செவுள் வலையில் ஆமை மாட்டினால், உயிரோடு விட வலையை அறுக்க வேண்டும். அன்றைய வருமானம் போய், வலைக்கும் கைக்காசு. கருணையின் செலவு முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டுக் கரையில் நின்று அறிவுரை சொல்வது எளிது.

மகாராஷ்டிரம் 2018இல் இதற்கு ஒரு வழி கண்டது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வலையறுத்து விடும் மீனவர் படம் எடுத்துக் காட்டினால், வலைச் சேதத்துக்கு 25,000 ரூபாய் வரை ஈடு. பாக் நீரிணையில் ஆவுளியா என்னும் கடற்பசுவைக் காப்பாற்றி விடும் மீனவருக்குத் தமிழ்நாட்டிலும் பரிசுத்தொகை தரப்பட்டிருக்கிறது. கடலூர் துறைமுகத்திலும் முடசலோடையிலும் அன்னங்கோயிலிலும் பங்குனி ஆமைக்காக அறுபடும் ஒவ்வொரு வலைக்கும் அப்படிப் பணம் கைக்கு வர வேண்டும் என்பதே இந்த உரை முன்வைக்கும் கோரிக்கை. தொகையை நிர்ணயிக்கும்போது வலை விலை தெரிந்த மீனவர்களையும் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். ஆணை டிசம்பருக்குள் வந்தால் வரும் முட்டைப் பருவத்துக்கே பயன்படும்.