பந்தை நம்பிக் கடல் கடந்தவர்கள்

(பிரிக்பீல்ட்ஸில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக முழுமையாக வெளியிடப்படுகிறது.)

ஷிப்ட் வேலை முடிந்த களைப்போடு கிள்ளான், காப்பார், பந்திங் என்று தூரத்திலிருந்து வந்திருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, தம்பி தங்கைகளே! நான் மேடைப் பேச்சாளன் அல்ல. வார இறுதியில் கிள்ளானில் நம் பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுப்பவன். "மாஸ்டர், என் மகன் நன்றாக ஆடுகிறான், வெளிநாட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறதா?" என்று பெற்றோர் கேட்பது இப்போது அதிகமாகி விட்டது. அதனால்தான் இன்று நைஜீரிய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச வந்தேன். பந்தை நம்பிக் கடல் கடந்து போவதில் அவர்களுக்கு உள்ள அனுபவம் நமக்கு இல்லை.

ஜான் ஓபி மிக்கேலைப் பையன்களுக்குத் தெரியும். 1987-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிறந்தவர். 2006 முதல் 2017 வரை செல்சி குழுவுக்கு ஆடினார். 2012-இல் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தையும், 2013-இல் தன் நாட்டோடு ஆப்பிரிக்கக் கிண்ணத்தையும் வென்றார். 2022-இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய உண்மைப் பெயர் மைக்கேல். 2003-இல் பின்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பியபோது அவர் நாட்டுச் சங்கத்தில் எழுத்துப் பிழை செய்து விட்டார்கள். அந்தப் பிழையே அவர் பெயராக நிலைத்தது. இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை! தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரைத்தானே நம் தாத்தா பாட்டிமார் கடைசி வரை அடையாள அட்டையில் சுமந்தார்கள்? அந்த ஓர் எழுத்துக்காகப் பதிவு இலாகாவுக்கு எத்தனை பேர் அலைந்திருக்கிறோம்! மிக்கேலுக்குப் பிழையான பெயரே புகழ் பெற்ற பெயரானது. நம் பிள்ளைகள் சிலருக்கோ அதே பிழை பள்ளிக்கூட வாசலை அடைத்து விட்டது.

அடுத்து, அவர் பட்ட வேதனை. 2018 ஜூன் 26. ரஷ்யாவில் உலகக் கிண்ணம், அர்ஜெண்டினாவுடன் ஆட்டம், மிக்கேல்தான் கேப்டன். ஆட்டம் தொடங்க நான்கு மணி நேரம் இருக்கையில் அவர் தகப்பனாரைக் கடத்தி விட்டார்கள் என்று செய்தி வந்தது. பிணைப்பணம் கேட்டார்கள். அதிகாரிகளிடம் சொன்னால் சுட்டு விடுவோம் என்று மிரட்டினார்கள். சங்கத்திடமோ பயிற்சியாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லாமல் திடலில் இறங்கினார். நைஜீரியா 1-2 என்று தோற்றது. சில நாட்கள் கழித்துப் போலீஸ் தகப்பனாரை மீட்டது. 2011-இல் ஒரு முறை கடத்தப்பட்டவர்தான் அவர். இது இரண்டாவது முறை. மகன் அயல்நாட்டில் சம்பாதிக்கிறான் என்பதே வீட்டிலிருப்பவருக்கு ஆபத்தாகி விட்டது.

ஓய்வுக்குப் பிறகு மிக்கேல் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசினார். ஆப்பிரிக்காவிலிருந்து போய்ச் சம்பாதிப்பவனுக்குத் தன் பணம் தன் பணமாக இருப்பதில்லையாம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் பங்கு எதிர்பார்ப்பார்கள்; கொடுக்க மறுத்தால் மனத்தாங்கல், மிரட்டல். அவர்கள் இதைக் "கறுப்பு வரி" என்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்த வரி இல்லையா? மூத்த மகன் தலையில் தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். உதவுவது தப்பென்று நான் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தாங்கியதால்தான் தோட்டத்திலிருந்து நாம் உயிரோடு வெளியே வந்தோம். ஆனால் 17 வயதுப் பையனின் காலைக் குடும்பத்தின் லாட்டரிச் சீட்டாகப் பார்க்காதீர்கள். முழங்கால் ஒரு நாள் முறிந்தால் சீட்டு கிழிந்தது. அதன் பிறகு அவனிடம் படிப்பும் இருக்காது, கைத்தொழிலும் இருக்காது.

உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவின் முதல் கோலை 1994-இல் அடித்தவர் ரஷீடி யெகினி. வலையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத காட்சியை உலகமே பார்த்தது. போர்த்துகல் உட்படப் பல நாடுகளில் ஆடியவர். அவர் 2012-இல் இறந்தபோது வயது 48. கடைசி ஆண்டுகளில் மனநலம் குன்றி, தனிமையில் வாழ்ந்தார். கைதட்டல் முப்பத்தைந்து வயதோடு நின்று விடும். அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிலாங்கூர் குழுவுக்கு ஆடிய இஃபெடாயோ ஒலுசெகுனை மறந்திருக்க மாட்டீர்கள். கோவிட் காரணமாகச் சுருங்கிய 2020 லீக்கில் 12 கோல், 2021-இல் 26 கோல். இரண்டு ஆண்டும் அவர்தான் முதலிடம். டிக்சன் நுவாகாமே 2014-இல் மலேசியக் கிண்ணம் வென்ற பகாங் அணியில் இருந்தார். இவர்கள் கோல் அடித்த நாளில் "நம்ம ஆளு" என்று கத்தினோம். ஆனால் அதே நிறத்தில் ஒருவர் வீடு தேடி வந்தால் "ஆப்பிரிக்கர்களுக்கு இல்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வாசகத்துக்குப் பக்கத்திலேயே "இந்தியர்களுக்கு இல்லை" என்றும் எழுதுகிறார்கள் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அப்படியிருந்தும் கோப்பிக் கடையில் அவர்களைப் பற்றி நாம் பேசும் பேச்சு சரியா? ஒரு சிலர் செய்யும் மோசடிக்கு ஓர் இனத்தையே குற்றவாளி ஆக்குவது நமக்கு நடந்தபோது எப்படி வலித்தது?

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இருந்த ஏ. குகன் மாண்டபோது நாம் நியாயம் கேட்டோம். 2019 ஜூலையில் இங்கே முனைவர் பட்டப் படிப்புப் படித்துக் கொண்டிருந்த நைஜீரிய மாணவர் தாமஸ் எவன்சிஹா குடிநுழைவுத் துறையின் தடுப்புக் காவலில் இறந்தார். அவருக்காக நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? காவலில் போன உயிர் எந்த இனத்தின் உயிராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

சம்பள விஷயம் இதைவிடக் கசப்பு. 2016-இல் உலக ஆட்டக்காரர் சங்கமான பிஃப்புரோ 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 ஆட்டக்காரர்களிடம் ஆய்வு நடத்தியது. 41 விழுக்காட்டினர் முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள். 45 விழுக்காட்டினரின் மாத வருமானம் 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவு. நம் நாட்டில் மட்டும் என்ன? சம்பள பாக்கிக்காக 2022-இல் மலாக்கா யுனைடெட் குழுவின் புள்ளிகளைக் குறைத்தார்கள். 2023 பருவத்துக்கு அதற்கு உரிமமே கிடைக்கவில்லை. என்னிடம் பயின்ற ஒரு பையனும் வேறொரு குழுவில் மூன்று மாதச் சம்பளம் வராமல், வாடகை கட்ட மோட்டார் சைக்கிளை விற்றான். உள்ளூர்ப் பையன் வீட்டுக்குத் திரும்பிச் சோறு சாப்பிடலாம். அயல்நாட்டுக்காரனின் நிலையை யோசியுங்கள். குழு கைவிட்டால் சம்பளமும் போகும், விசாவும் முடியும்.

ஆகவே, உங்கள் பிள்ளையை அனுப்பச் சொல்லி யாராவது வந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வயது. சில விலக்குகள் தவிர, 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் குழுவுக்கு மாற்ற பிஃபா விதி அனுமதிப்பதில்லை. 15 வயதுப் பையனுக்கு ஐரோப்பாவில் இடம் தயார் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இரண்டாவது, ஏஜெண்டு. பிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வு ஆட்டத்துக்கு முன்பணம் கேட்டால், நகையை அடகு வைக்க ஓடாமல் கதவைச் சாத்துங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம். புரியாத மொழியில் கையெழுத்து வேண்டாம். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. உள்நாட்டுக் குழுவென்றால் சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, பாக்கி. வெளிநாட்டில் ஆடுபவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லையென்றால், எழுத்து மூலம் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இது 2018 முதல் பிஃபா விதியில் உள்ளது. உள்நாட்டில் ஆடுபவர் மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தை நாடலாம். மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

ஐந்தாவது, எஸ்.பி.எம். அதை முடிக்காமல் எந்தப் பையனையும் பந்தை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். என் குழுவில் படிப்பை விட்டவனுக்கு ஆட்டத்தில் இடமில்லை. இதில் எனக்கும் சில பெற்றோருக்கும் சண்டை உண்டு. இருக்கட்டும்!

யாரிடமாவது கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதம் இப்போதே இருந்தால், கூட்டம் முடிந்ததும் இங்கே முன்வரிசைக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.