வகுப்பறையில் மௌன விளையாட்டு



தலைநகரில் வாழும் நாம் நம் குழந்தைகளைப் பற்றிக் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றே: 'வகுப்பில் ஓரிடத்தில் அமர்வதில்லை.' இதற்கு மருந்தாக இந்நாளில் உளக்கவனப் பயிற்சியைச் சொல்லுகிறார்கள். மூச்சையும் ஒலியையும் உடலின் அசைவையும் சற்று நேரம் ஊன்றிக் கவனிப்பதே அப்பயிற்சி. தில்லி அரசுப் பள்ளிகளுக்கென 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்திலும் இதற்கு இடமளிக்கப்பட்டது.

இதனை முற்றிலும் புதுமை என்று கருத வேண்டுவதில்லை. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், அதற்கு வெகு முன்னரே, 1907-இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். அம்மையார் வகுத்த மௌன விளையாட்டில் சிறுவர் அசையாது அமர்வர். கடிகாரத்தின் ஓசையும், வெளியே குருவியின் குரலும் காதில் விழத் தொடங்கும். பின்னர் ஆசிரியை அடுத்த அறையில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை நாற்காலி உரசாமல், காலடி கேளாமல் எழுந்து செல்லும். தன் பெயர் எப்பொழுது வருமோ என்று காத்திருக்கும் அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைப் பிரம்பினால் எவரும் கற்பித்ததில்லை!

இதனைச் சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு, பதினொரு வயதைக் கடந்த மாணவர்க்கு இப்பயிற்சி வழக்கமான பள்ளிமுறையினும் கூடுதல் பயன் தரவில்லை என்று கண்டது. பெரும்பாலோர் வீட்டில் பயிலவே இல்லையாம். சிறு குழந்தைகளுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தாதுதான். எனினும், கட்டளையாக வருவது எவ்வயதிலும் கசக்கும் என்பது நம் எண்ணம்.

மற்றொன்று நமக்கே உரியது. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்க் குழந்தை இந்தி புரியாமல் வாய்மூடி அமர்ந்திருக்கும். 'சாதுவான பிள்ளை' என்று ஆசிரியர் புகழ்வார். நாமும் மகிழ்ந்து போவோம். உள்ளே இருப்பதோ அச்சம். வீடு திரும்பியதும் தம்பியை அடிப்பதில் அது வெளிப்படும். அக்குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் மௌனத்தைக் கற்பித்து ஆவதென்ன? தன் பெயரைத் திருத்தமாக உச்சரித்து அழைக்கும் ஒரு குரல் அதற்கு வேண்டும்.

ஆதலால் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இவ்விளையாட்டை ஐந்து நிமிட அளவில் தொடங்க எண்ணியுள்ளோம். பித்தளை மணியை ஒருமுறை அடித்து, ஒலி முற்றும் தேய்ந்தபின் கையுயர்த்தச் சொல்லலாம்; அதன்பின் பெயரழைப்பு. இடையில் நெளியும் குழந்தையை எவரும் கடிந்துகொள்ளலாகாது. வாயிலில் நின்று உரையாடும் பெற்றோர் மட்டும், அதாவது நாம்தாம், அந்த ஐந்து நிமிடம் பேச்சை நிறுத்தியருள வேண்டுகிறோம்.